மருந்து வண்டியின் ஆணி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில், வண்டிப்பெரியாருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. நர்ஸ் படிப்பை முடித்து, கம்பம் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ஒரு வருஷம் வேலை பார்த்துவிட்ட நர்ஸுக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் எதுவும் இல்லை என்று நான் உறுதியாக நம்பிய காலம் அது.

எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு மருந்து வண்டி இருந்தது. முன்னால் ஒரு பழைய லாரி. அதன் பின்னால் இரண்டு சக்கரத்தில் ஒரு மர அறை. தகரக் கூரை, பக்கவாட்டில் மேலே தூக்கி முட்டுக் கொடுக்கும் பலகைக் கதவு. கதவைத் தூக்கினால் ஆஸ்பத்திரி, இறக்கினால் வீடு. உள்ளே ஒரு பெஞ்சு, மருந்து அலமாரி, ஒரு ஆள் நீட்டிப் படுக்க இடம். மலைக்காய்ச்சல் தோட்டங்களை ஆட்டிப்படைத்த நாட்கள். மாதத்துக்கு ஒரு முறை இந்த வண்டி குமுளி ஏறி வந்து, தோட்டத்துக்கு மூன்று நாள் வீதம் நின்று, காய்ச்சலுக்குக் கொயினா மாத்திரையும் காயத்துக்குக் கட்டும் களிம்பும் கொடுத்துவிட்டுப் போகும்.

லாரியையும் மர அறையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஓர் ஆணி. லாரியின் பின்புறம் துளை போட்ட ஓர் இரும்பு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அறையிலிருந்து முன்னால் நீளும் ஏர்க்கால் முனையில் இரண்டு இரும்புக் காதுகள். நாக்கைக் காதுகளுக்கு நடுவில் நுழைத்து, மூன்றையும் சேர்த்து மேலிருந்து ஆணியை இறக்க வேண்டும். சாண் நீளம், கட்டைவிரலைவிடத் தடிமன், நல்ல எஃகு. அது இல்லாவிட்டால் லாரி ஒரு பக்கம், ஆஸ்பத்திரி ஒரு பக்கம்.

டிரைவர் அண்ணன் பாலக்காட்டுச் சீமையில் எலப்புள்ளிக்காரர். நாற்பத்தைந்து வயதிருக்கும். அந்த ஆணியையும் அந்தக் காதுகளையும் அவர் பார்த்துக்கொண்ட மாதிரி தன் பல்லைக்கூடப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். தினமும் துடைப்பார். விளக்கெண்ணெயில் மெழுகைக் கரைத்துப் பூசுவார். அதன் மேல் சாக்குத்துணி, சாக்குக்கு மேல் பழைய டயர் டியூப், அதற்கு மேல் கயிறு. மலையில் ஆடி மாத மழை எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது அதிகமாகப் படாது. காலையில் வெயிலில் காயவைத்த இரும்பு சாயங்காலம் துருவேறிச் சிவந்துபோயிருக்கும். மழையைவிடப் பெரிய பயம் திருட்டு. அந்த எஃகு ஒரு கொல்லன் கையில் கிடைத்தால் அருமையான வெட்டரிவாள் ஆகிவிடும். அதனால் வண்டியைக் கழற்றினால் ஆணியை மடியில் கட்டிக்கொண்டுதான் நடப்பார். மாற்று ஆணி ஒன்று செய்து தரச் சொல்லி ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். “பார்க்கலாம்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஆணிக்கு ஒரு வருஷம் யோசிக்கிற மனிதர்களை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த முறை ஏறி வரும்போது லாரியின் அடியில் வில்பட்டை ஒன்று உடைந்துவிட்டது. எப்படியோ தோட்டத்துக்கு வந்து சேர்ந்தோம். ஃபேக்டரிக்குப் பக்கத்து மைதானத்தில் மர அறையைக் கழற்றி, சக்கரங்களுக்குக் கல் வைத்துவிட்டு, பட்டறையில் காட்டி வருகிறேன் என்று டிரைவர் அண்ணன் வெறும் லாரியோடு வண்டிப்பெரியாருக்குக் கிளம்பினார். பட்டறையில் எத்தனை பேர் இருப்பார்களோ, வழியில் விழுந்தாலும் விழுந்துவிடும் என்று ஆணியை என்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

“ஏனுங்க சிஸ்டர், மறக்காம ஆணியெ உள்ளார எடுத்து வெச்சுக்கோங்க. ஈரம் பட்டா துருத்தானுங்க புடிக்கும், தேச்சுக்கலாம். கள்ளன் கை பட்டா தேய்க்கறதுக்கு ஒண்ணும் இருக்காதுங்க.”

சரி சரி என்றேன். ஆணி எண்ணெயும் மெழுகுமாக வழவழவென்று இருந்தது. என் சேலை வெள்ளை. உள்ளே அலமாரியில் வெள்ளைத் துணிக் கட்டுகள். இந்த அழுக்கை இங்கே யார் வைப்பது என்று, அதைச் சாக்குக்குள் சுற்றி, ஏர்க்கால் முனையிலேயே டியூபைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டுவிட்டேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. சொல்லாமல் விட்டால் மீதிக் கதையைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

மறுநாள் விடிந்ததும், தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸ்ஸர் வீட்டுத் திண்ணையில் படுத்திருந்தவள் எழுந்து வண்டிக்கு வந்தேன். டியூப் கட்டியபடி இருந்தது. ஆனால் முடிச்சு என் முடிச்சு இல்லை. அவிழ்த்துப் பார்த்தால் ஆணி இல்லை. சாக்கு மட்டும் அழகாக மடித்து வைத்திருந்தது. அதற்குள் இரண்டு வெற்றிலை, ஒரு கொட்டைப்பாக்கு, ஒரு மஞ்சள் துண்டு.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். திருடுகிறவன் திருடிவிட்டு ஓடுவான். இவன் திருடிவிட்டு எனக்குத் தாம்பூலம் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்! எத்தனை கொழுப்பு! இவர்கள் குளிரில் நடுங்குகிறார்கள் என்று மழையில் மலையேறி வந்து மருந்து கொடுக்க நான்; எனக்கே வெற்றிலை பாக்கு வைத்துக் கேலியா? அந்த வெற்றிலையையும் பாக்கையும் மஞ்சளையும் அப்படியே பக்கத்து ஓடைத்தண்ணீரில் விசிறி எறிந்தேன்.

நேரே மஸ்டர் களத்துக்குப் போனேன். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் வாசித்து வேலைக்குப் பிரிக்கிற இடம் அது. ஆணும் பெண்ணுமாகக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றிருந்தார்கள். பேர் வாசித்துக்கொண்டிருந்த ரைட்டரிடம் விஷயத்தைச் சொன்னேன். மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. யாரையாவது பிடித்து ஏசுவதற்கு அன்றைக்கு அவருக்கு இன்னும் காரணம் கிடைத்திருக்கவில்லை போல.

“இவங்களுக்கு நல்ல வாக்கு சொன்னா கேக்காது சிஸ்டரே. கள்ளன் யாருன்னு தெரிஞ்சா குடும்பத்தோட சீட்டுக் கிழிச்சு மலைய விட்டு எறக்கிடலாம். நிங்ஙள் சொல்லுங்க, நான் பாத்துக்கறேன்.”

சொன்னேன். இப்போது நினைத்தாலும் அந்தக் குரல் எனக்கே கேட்கிறது. நல்ல கணீரென்ற குரல், ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் பாடுகிற குரல். “உங்களுக்காக வந்த வண்டியின் ஆணியை உங்களில் ஒருவன் எடுத்திருக்கிறான். அது திரும்பி வருகிற வரைக்கும் மருந்து கிடையாது. ஒரு மாத்திரை கிடையாது. ஒரு பொட்டுக் களிம்பு கிடையாது. எடுத்தவன் யார் என்று உங்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே நிற்கிற நீங்கள் எல்லோரும் திருடர்கள்தான்!”

முன்வரிசையில் ஒரு பெண், காய்ச்சலில் துவண்ட பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் மருந்து வாங்கிப் போனவள். மறுபடியும் வரச் சொல்லியிருந்தேன். அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பிள்ளையின் தலையில் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு ஆட்கள் குடியிருக்கும் லயத்தைப் பார்க்கத் திரும்பி நடந்தாள். கெஞ்சியிருந்தால் ஒருவேளை எனக்கு மனம் இளகியிருக்கும். ஒருத்தர்கூடக் கெஞ்சவில்லை. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது.

அன்று பகல் முழுவதும் பலகைக் கதவைத் தூக்கவில்லை. உள்ளே உட்கார்ந்து, சுருட்டிய கட்டுத்துணியையே அவிழ்த்து மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தேன். தகரத்தில் மழை விழுகிற சத்தத்துக்கு நடுவே, வேலை முடிந்து போகிறவர்களின் காலடி கேட்கும். வண்டியருகே வந்ததும் கொஞ்சம் நிதானிக்கும். பிறகு போய்விடும். கிடக்கட்டும், இன்னும் ஒரு நாள் போனால் தானாக வந்து காலில் விழுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாலை மூன்று மணிக்கு லாரி வந்தது. டிரைவர் அண்ணன் வெறுமையாக இருந்த ஏர்க்கால் முனையைத் தடவிப் பார்த்தார். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை, ஏசியிருக்கலாம். நடந்ததையெல்லாம் சொன்னேன், மஸ்டரில் பேசியது உட்பட. அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அவர் தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். “ஆணிக்கும் மருந்துக்கும் என்னங்க சிஸ்டர் சம்பந்தம்?”

“உங்களுக்குத் தெரியாது அண்ணே. கண்டிப்பு இல்லாவிட்டால் நாளைக்கு வண்டியையே தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.”

“அதுவுஞ் செரித்தானுங்க. ஆனா ஒண்ணு. திருடறவன் எதுக்குங்க சாக்கெ மடிச்சு வெச்சு, டியூப்பெ மறுக்காக் கட்டிட்டுப் போறான்? மழெ உள்ளார போகாம இருக்கத்தானுங்க கட்டியிருக்கறான்.”

உங்கள் லாரியைப் போய்ப் பாருங்கள் என்று எரிந்துவிழுந்தேன். அவர் போய் ஒரு பழைய இரும்புக் கம்பியை வளைத்து ஆணி மாதிரி செய்து பார்த்தார். சமதரையிலேயே அது நெளிந்தது. இதை நம்பிக் குமுளி இறக்கத்தில் இறங்கினால் வண்டி லாரியை முந்திக்கொண்டு பள்ளத்துக்குப் போய்விடும் என்று தூக்கிப் போட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில், மஸ்டர் முடிந்து களம் காலியான பிறகு, ஓர் ஆள் மேட்டிலிருந்து ஓடி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். தலையில் கம்பளிகூட இல்லை. இரண்டு கையிலும் எதையோ ஏந்திக்கொண்டு வந்தான். வண்டிப் படியில் அதை வைத்தான். ஆணி.

“நாந்தாம்மா எடுத்தேன். என்னைய போலீசுல குடுங்க, தொரைகிட்டச் சொல்லுங்க, என்ன வேணாலும் செய்ங்க. எம் பொஞ்சாதிய மட்டும் வந்து பாருங்க. நேத்து மத்தியானத்துலேருந்து காய்ச்ச கொதிக்கி. கண்ணு முழிக்க மாட்டேங்கா.”

இதைக் கேட்டதும் நான் பையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த கோபத்தையெல்லாம் அவன் மேல் கொட்டினேன். நன்றி கெட்டவன் என்றேன். வெற்றிலை வைத்துக் கேலி செய்தாயே, இப்போது உன் வெற்றிலை எங்கே போயிற்று என்றேன். உன்னால் அத்தனை பேருக்கும் மருந்து இல்லாமல் போயிற்றே என்றேன். அவன் மழையில் தலை குனிந்து நின்றான். அங்கே ஒரு பெண் நினைவு தப்பிக் கிடக்கிறாள் என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது. விழுந்தும் நான் நிறுத்தவில்லை. ஐந்து நிமிஷமாவது ஏசியிருப்பேன்.

டிரைவர் அண்ணன் குறுக்கே வந்து ஆணியைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார். ஒரு பொட்டுத் துரு இல்லை. அவர் பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, மேலிருந்து கீழ் வரை மஞ்சள் பூசியிருந்தது. ஆணியின் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு.

“ஏனப்பா, இதுக்கு எதுக்கு மஞ்சப் பூசி வெச்சிருக்கறே?”

அவன் என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்துப் பேசினான். “பிள்ளை பெறந்திருக்குங்கய்யா. நீங்க வந்த அன்னிக்குச் சாயங்காலம். பெத்தவ தலைமாட்டுல இரும்பு வைக்கணும்லா. எங்கூர்ல வண்டிக் கடையாணியத்தான் எடுத்து வைப்பாக. கேட்டு வாங்கக் கூடாது. வாயத் தொறந்து சொல்லாம எடுத்துட்டு, அந்த எடத்துல வெத்தல பாக்கும் மஞ்சளும் வச்சிட்டு வந்துரணும். வண்டிக்காரவுக பாத்ததும் புரிஞ்சிக்கிடுவாக. ஒம்பதாம் நாளு தண்ணி ஊத்துனதும் மஞ்சத் தண்ணியில கழுவி, கொண்டு போய்க் குடுத்துருவோம். வண்டி மூணு நாளு நிக்கும்னாக. அவசரம்னா வந்து கேப்பீக, அப்பக் குடுத்துக்கிடலாம்னு எங்காத்தா சொன்னா.”

கேலி என்று நினைத்து ஓடையில் எறிந்தேனே, அது, இங்கே ஒருத்தி பிள்ளை பெற்றிருக்கிறாள், உங்கள் இரும்பை இரவல் வாங்கியிருக்கிறோம் என்று எனக்கு மரியாதையாகச் சொல்லி அனுப்பிய சேதி. எலப்புள்ளிக்காரருக்கு அந்த வழக்கம் தெரியாததில் ஆச்சரியம் இல்லை. எனக்கும் தெரியவில்லை. மிஷன் போர்டிங்கில் வளர்ந்த நான் நாலு மொழியில் ஜபம் சொல்வேன், வாசலில் வைத்த வெற்றிலைக்கு அர்த்தம் தெரியாது.

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். லயம் மஸ்டர் களத்துக்கு நேர் கீழே இருந்தது. எட்டடிக்குப் பத்தடி அறை. ஓரத்தில் சாக்கு விரித்து, சாக்கைப் போர்த்திக் கிடந்தாள். பத்தொன்பது வயதுகூட இருக்காது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. தொட்டால் கை சுட்டது. மலைக்காய்ச்சல், சந்தேகமே இல்லை. பிரசவித்த உடம்பில் மலைக்காய்ச்சல். நேற்று மத்தியானமே கொயினா போயிருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்காது. நேற்று மத்தியானம் நான் கூப்பிடு தூரத்தில், கொயினா ஜாடிக்குப் பக்கத்தில், கதவை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அவளுடைய மாமியார் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்து அலறினாள். என்னை ஏசவில்லை. தீட்டுக் கழியும் முன்னால் தலைமாட்டு இரும்பை எடுத்துக்கொண்டு போனவனை ஏசினாள். “எங்கடா அது? எடுத்துக் குடுத்திட்டியே பாவி, இனி என்ன காவலு எம் மருமகளுக்கு?”

மருந்தைக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக வாயில் விட்டுக்கொண்டே, வீட்டில் வேறு இரும்பே இல்லையா என்று கேட்டேன். வாசலில் நின்ற பெண்தான் பதில் சொன்னாள். முந்தின நாள் காய்ச்சல் பிள்ளையோடு திரும்பிப் போனவள்.

“அருவாமணை இருக்கு. அத இங்க வச்சா அப்புறம் எத வச்சு நறுக்குறது? தீட்டுல வச்சதத் திரும்பச் சமையலுக்கு எடுக்க மாட்டோம்மா. கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி எல்லாத்தையும் சாயங்காலம் எண்ணி வாங்கி ஸ்டோர்ல போட்டுப் பூட்டிருவாக. எங்க கையில ஏது இரும்பு?”

பகலெல்லாம் இரும்பும் கையுமாகத் தேயிலையை வெட்டுகிறவர்கள். சாயங்காலம் ஆனால் ஒரு துண்டு இரும்புகூட இவர்களை நம்பி விட்டுவைக்கக் கூடாதாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடனே, நேற்று அத்தனை பேரையும் திருடர்கள் என்று சொன்னது யார் என்பதும் நினைவுக்கு வந்தது. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

“உங்கள் எல்லோருக்கும் தெரியுமா?” என்று கேட்டேன்.

“தெரியாமலா? லயம் பூராவுக்கும் தெரியும்.”

“அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை? உன் பிள்ளைக்கே மருந்து வாங்காமல் போனாயே!”

அவள் என்னைச் சாதாரணமாகத்தான் பார்த்தாள். “சொன்னா ரைட்டரு அவுக சீட்டக் கிழிப்பாரு. பச்சப்பிள்ளையோட மழையில எங்க போவாக? நாலு நாளு காய்ச்ச எம் பிள்ளை தாங்கும்மா. அவ தாங்குவாளா?”

அறுபது வீட்டு ஆட்கள், தங்கள் தங்கள் வீட்டுக் காய்ச்சலை வாயை மூடிக்கொண்டு சகித்திருக்கிறார்கள், ஒருத்தியைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று. அதைத்தான் நான் திமிர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தோடு விட்டுவிட்டுப் போகிற நிலைமை இல்லை. கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் பிழைப்பாள் என்று சொன்னேன். நாலு பேர் கம்பளியில் தூக்கிக்கொண்டு வந்து, மர அறையில் தரையில் படுக்க வைத்தார்கள். டிரைவர் அண்ணன் லாரியைப் பின்னால் தள்ளி, நாக்கைக் காதில் நுழைத்து வைத்திருந்தார். நான் பலகைக் கதவைத் தூக்கி, நின்றவர்களுக்கெல்லாம் ஆள் பார்த்து மாத்திரையை அள்ளிக் கொடுத்தேன். பத்து நிமிஷம்தான். யாரும் முந்தின நாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. ஒருவராவது சொல்லியிருக்கலாம்.

மாமியார் மட்டும் வண்டியில் ஏற மாட்டேன் என்று நின்றாள். இரும்பு இல்லாமல் பச்சை உடம்புக்காரியை மலை இறக்கிக் கொண்டுபோகக் கூடாது, வழியெல்லாம் காத்துக்கருப்பு என்றாள். நேற்றாக இருந்தால் மூட நம்பிக்கை என்று ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். டிரைவர் அண்ணன்தான் அவளைக் கையைப் பிடித்து ஏர்க்காலுக்கு அழைத்துப் போனார். அவள் கண்ணெதிரில் ஆணியை எடுத்துக் காதில் இறக்கித் தட்டினார்.

“பாருங்காத்தா. இந்த இரும்பு இல்லாட்டி வண்டி ஒரு அடி நவுராதுங்க. உங்க மருமக தலெ வெச்சிருக்கறது இதுக்கு நேராத்தானுங்க. ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு நிமிசம் அவளெ விட்டுப் பிரியாதுங்க.”

அவள் குனிந்து ஆணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். ஒரு துளி ஈரத்தைப் பொறுக்காத அந்த மனிதர் மஞ்சளைத் துடைக்கவில்லை, கறுப்புக் கயிற்றை அவிழ்க்கவில்லை. எண்ணெய் பூசினால் மஞ்சள் போய்விடும் என்று எண்ணெயும் பூசவில்லை. சாக்கை மட்டும் சுற்றிக் கட்டிவிட்டு லாரியைக் கிளப்பினார்.

தோட்டத்து வாசலில் ரைட்டர் குடையோடு மறித்தார். ஆணி கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டிருக்கிறார். கையில் பேர் எழுதும் புத்தகம். “கள்ளன் யாரு சிஸ்டரே? பேரு சொல்லுங்க. இன்னிக்கே சீட்டுக் கிழிக்கணும்.”

கள்ளன் என்று அவர் தேடிய ஆள் எனக்குப் பின்னால் மனைவியின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“கள்ளன் யாரும் இல்லை. ஆணி திருட்டுப் போகவே இல்லை. நான்தான் மறதியாக எங்கேயோ வைத்துவிட்டு, தெரியாமல் கத்திவிட்டேன். வழியை விடுங்கள்.”

அந்த மனிதரின் முகத்தில் விழுந்த ஏமாற்றத்தை நான் மறக்க மாட்டேன். பொறுப்பில்லாத நர்ஸ், தன் பொருளைத் தானே தொலைத்துவிட்டுத் தோட்டத்து வேலையைக் கலைத்தாள் என்று ஆஸ்பத்திரிக்கு எழுதினார். பெரிய டாக்டர் என்னைக் கூப்பிட்டு நிற்க வைத்து ஏசினார். அந்த ஏச்சில் பாதி பொய்க்காக, பாதி நிஜத்துக்காக என்று வாங்கிக்கொண்டேன். நான் செய்த உண்மையான குற்றத்துக்கு, அதாவது மருந்தை நிறுத்தியதற்கு, யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நர்ஸ் கண்டிப்பாக இருந்தாள் என்று எல்லோரும் அதைச் சரியென்றே எடுத்துக்கொண்டார்கள். இதைவிட என்னைக் கொதிக்க வைத்தது வேறு எதுவும் இல்லை.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். மூன்று வாரம் எங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஒரு வாரம் எந்தப் பக்கம் போவாள் என்று தெரியாமல் இருந்து, பிறகு கஞ்சி குடித்து, எழுந்து உட்கார்ந்து, குழந்தைக்குப் பால் கொடுத்தாள். நான்தான் இரவு பகலாகப் பார்த்துக்கொண்டேன். அதற்கு எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி என்னைக் கொன்றாள். ஊருக்குக் கிளம்புகிற அன்று, பொறுக்க முடியாமல், அன்றைக்கு ஏன் உன் புருஷனை முதல் நாளே அனுப்பவில்லை என்று கேட்டுவிட்டேன்.

குழந்தையின் காதில் இருந்த பாலைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “மஸ்டர்ல நீங்க சத்தம் போட்டது லயத்துல நல்லாக் கேட்டுச்சும்மா. ஒரு மாத்திரை கெடையாதுன்னீக. அப்பத்தான் எனக்குக் குளுரு வர ஆரம்பிச்சிருந்தது. சரி, எனக்கும் கெடையாதுன்னு நெனச்சுக்கிட்டுப் போர்த்திப் படுத்துட்டேன்.”

குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு முப்பது வருஷம் நர்ஸாக இருந்தேன். கத்தரிக்கோல் போயிருக்கிறது, போர்வை போயிருக்கிறது, ஒருமுறை கடிகாரமே போயிருக்கிறது. மருந்தை நிறுத்து, அப்போதுதான் இவர்களுக்குப் புத்தி வரும் என்று சொல்ல ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் இருந்தார். அப்படிச் சொன்னவர்களிடம் வயது, பதவி பார்க்காமல் சண்டை போட்டிருக்கிறேன். ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பார்கள். எங்கோ ஒரு பெண் சாக்கைப் போர்த்திக்கொண்டு நம் குரலைக் கேட்டு, தனக்கும் இல்லை என்று நம்பிப் படுத்துவிடுவாள், அவளை நமக்குத் தெரியக்கூடத் தெரியாது என்பதை அவர்களுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.